குளோரின் கழுவலுக்குப் பிறகு கிருமிக்குள் என்ன நடக்கிறது? மெட்டபோலோமிக்ஸ் ஆய்வு தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வெட்டிப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் லெட்டூஸ், ஸ்பினாச் போன்ற இலைகளை ஆலைகளில் குளோரின் கலந்த தண்ணீரில் கழுவுவது வழக்கம். கழுவிய இலையிலிருந்து மாதிரி எடுத்து அகர் தட்டில் பரப்பி, மறுநாள் எத்தனை காலனி வந்திருக்கிறது என்று எண்ணுவார்கள். காலனி குறைந்தால் கிருமியும் குறைந்ததாகக் கணக்கு.

அந்தக் கணக்கு எப்போதும் சரியாக வருவதில்லை. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ், சால்மோனெல்லா தாம்சன் ஆகிய இரண்டு கிருமிகளையும் ஸ்பினாச் இலையில் விட்டுக் குளோரின் நீரில் கழுவினார்கள். லிஸ்டீரியா 50 பிபிஎம்மிலும் (லிட்டருக்கு 50 மில்லிகிராம்), சால்மோனெல்லா 100 பிபிஎம்மிலும் தட்டில் ஒரு காலனிகூடத் தரவில்லை. ஆனால் உயிருள்ள செல்களை நேரடியாக எண்ணிப் பார்த்தபோது, அவை பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறைந்திருக்கவில்லை. அந்தச் செல்களைத் தின்ற சி. எலிகன்ஸ் என்ற ஆய்வகப் புழுக்களின் ஆயுளும் குறைந்தது. அதாவது கிருமி உயிரோடுதான் இருந்தது, நோய் செய்யும் திறனும் போகவில்லை, தட்டில் வளர்வதை மட்டும் நிறுத்திவிட்டது.

தட்டு சொல்லாததை வேறு எது சொல்லும்? அதற்கான வழிகளில் ஒன்றுதான் மெட்டபோலோமிக்ஸ். செல்லுக்குள் இருக்கும் அமினோ அமிலங்கள், சர்க்கரைகள், கரிம அமிலங்கள், நியூக்ளியோடைடுகள் போன்ற சிறு மூலக்கூறுகளை முடிந்த அளவு ஒரே நேரத்தில் அளப்பது இந்த முறை. இந்த மூலக்கூறுகளைத்தான் மெட்டபோலைட் என்கிறோம். குளோரின் பட்டதும் செல் எதை இழந்தது, எதைச் செலவழித்தது, எதைக் கொண்டு தாக்குப்பிடித்தது என்பதற்கெல்லாம் தடயம் இவற்றில் கிடைக்கும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கருவியில் இருந்து ஆரம்பிக்கிறார்கள். எல்சி-எம்எஸ்ஸா, ஜிசி-எம்எஸ்ஸா, என்.எம்.ஆரா என்று கேட்பார்கள். முதல் இரண்டும் மூலக்கூறுகளைப் பிரித்து எடைபோடும் கருவிகள், மூன்றாவது காந்தப் புலத்தில் வைத்து அளப்பது. என்னைக் கேட்டால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது, நான் அளக்கப்போவது யாருடைய மெட்டபோலைட்? செத்துப்போன செல்லுடையதா, பிழைத்த செல்லுடையதா, இலையுடையதா, இல்லை நானே ஊற்றிய ரசாயனமா? கிருமி நீக்க ஆய்வில் இந்த நான்கும் ஒரே குழாயில்தான் இருக்கும். இவற்றைப் பிரிக்காமல் ஓட்டினால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் உதவாது. கீழே ஈ.கோலையையும் குளோரினையும் எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம்.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"குளோரின் ஈ.கோலையை எப்படிப் பாதிக்கிறது" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. "நிலைப் பருவத்தில் இருக்கும் ஈ.கோலை கே-12, 5 பிபிஎம் குளோரினில் ஒரு நிமிடம் இருந்து பிழைத்தால், அடுத்த ஒரு மணி நேரத்தில் அதன் குளூட்டாதயோனும் ஏடிபியும் எப்படி மீள்கின்றன?" என்று எழுதினால் அதில் கிருமி, பருவம், அளவு, நேரம், எதிர்பார்ப்பு எல்லாம் வந்துவிடும். குளூட்டாதயோன் ஆக்சிஜனேற்றத்திலிருந்து செல்லைக் காக்கும் சிறு மூலக்கூறு, ஏடிபி செல்லின் ஆற்றல் நாணயம். பருவம் சின்ன விஷயம் இல்லை. நிலைப் பருவம் என்பது செல்கள் பெருகுவது நின்றுபோன கட்டம். வேகமாகப் பெருகும் செல்லைவிட நிலைப் பருவத்துச் செல் பொதுவாக அதிகம் தாங்கும். இரண்டையும் கலந்தால் எதை அளந்தீர்கள் என்றே தெரியாமல் போய்விடும்.

பயிற்சிக்குக் கே-12 போன்ற நோய் செய்யாத வகையை எடுங்கள். 2006இல் அமெரிக்காவில் ஸ்பினாச் வழியாகவும், 2018இல் ரொமைன் லெட்டூஸ் வழியாகவும் பரவியது ஈ.கோலை ஓ157:எச்7. அது நூற்றுக்கும் குறைவான செல்களிலேயே நோய் தரக்கூடியது. இரண்டாம் நிலை உயிர்ப் பாதுகாப்பு ஆய்வகமும் முறையான பயிற்சியும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸுக்குப் பதிலாக லிஸ்டீரியா இன்னோகுவாவைப் பயன்படுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான். பதிலி வகையில் கண்டதை அசல் கிருமியில் ஒருமுறை சரிபார்த்த பிறகே பொதுவாகப் பேச வேண்டும்.

படி 2: குளோரினை ஒழுங்காகத் தயாரிப்பது

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை வெறும் தண்ணீரில் கலந்தால் பிஎச் ஏறும். கிருமியைக் கொல்வதில் வேகமானது ஹைப்போகுளோரஸ் அமிலம். அதன் பிகேஏ, அதாவது பாதி மட்டும் அமில வடிவத்தில் இருக்கும் பிஎச், சுமார் 7.5. பிஎச் 6.5இல் வைத்தால் பத்தில் ஒன்பது பங்கு அமில வடிவத்தில் இருக்கும், 8.5க்குப் போனால் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே பாஸ்பேட் பஃபரில் பிஎச்சைச் சரிசெய்து, பயன்படுத்தும் நிமிடத்திலேயே டிபிடி என்ற நிறம் மாறும் வினைபொருளைக் கொண்டு தனிக் குளோரினை (எதனோடும் சேராமல் மிஞ்சியிருப்பதை) அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாட்டில் லேபிளில் இருக்கும் சதவீதத்தை நம்ப வேண்டாம், குளோரின் நாளாக நாளாகக் குறையும். பிஎச்சைக் குறைக்கும்போது அமிலத்தை அள்ளி ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், அதனால் இந்த வேலை வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்குள்தான் நடக்க வேண்டும்.

அடுத்து, செல்களே குளோரினைத் தின்றுவிடும். மில்லிக்கு 10 கோடி ஈ.கோலை என்றால் அதன் உலர் எடை லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் வரும். நீங்கள் போடும் 5 பிபிஎம் என்பது லிட்டருக்கு 5 மில்லிகிராம். செல்லின் எடைக்கு முன்னால் குளோரின் சிறுபான்மைதான். அதே 5 பிபிஎம்மை மில்லிக்கு ஒரு லட்சம் செல்லுக்குக் கொடுத்தால் கதையே வேறு. எனவே "5 பிபிஎம்" என்று மட்டும் எழுதினால் போதாது. செல் அடர்த்தியையும், தொடக்கத்திலும் முடிவிலும் இருந்த குளோரின் அளவையும் சேர்த்து எழுத வேண்டும். வளர்ப்பு ஊடகம் ஒட்டியிருந்தால் அதுவும் குளோரினைக் குடித்துவிடும், ஆகவே செல்களை முன்கூட்டியே உப்புக் கரைசலில் கழுவிவிடுங்கள்.

நேரம் முடிந்ததும் குளோரினை நிறுத்த நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் டே-எங்கிலி பிராத் போன்ற நடுநிலையாக்கி இருக்கும். தட்டு எண்ணிக்கைக்கு அது அருமையானது, மெட்டபோலோமிக்ஸுக்கு ஆகவே ஆகாது. அதில் லெசித்தினும் ட்வீன் 80உம் இருக்கின்றன. மாஸ் ஸ்பெக்டிரத்தில் 44 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) இடைவெளியில் சிகரம் சிகரமாக வந்தால், நீங்கள் பார்ப்பது ட்வீன் போன்ற பாலிமர், பாக்டீரியா அல்ல. இங்கே சோடியம் தயோசல்பேட் மட்டும் போதும். அதையும் குளோரின் போடாத கண்ட்ரோல் குழாய்க்கும் அதே அளவு ஊற்ற வேண்டும். அப்புறம், செல்லே இல்லாமல் குளோரினும் தயோசல்பேட்டும் மட்டும் சேர்ந்த ஒரு வெற்று மாதிரியும் தேவை. "நானே ஊற்றியது" எது என்று அந்தக் குழாய் காட்டிக்கொடுக்கும்.

படி 3: சாவுக் கணக்கை முதலில் போடுங்கள்

மெட்டபோலைட்டைத் தொடுவதற்கு முன்னால், வெவ்வேறு குளோரின் அளவில் எத்தனை செல் பிழைக்கிறது என்று வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும்.

3 லாக் குறைவு என்றால் ஆயிரத்தில் ஒரு செல்தான் பிழைத்தது. மீதி 999 செல்களின் உடலும் குழாயில்தான் கிடக்கிறது. நீங்கள் எடுக்கும் சாறு இந்த ஆயிரம் செல்லின் சராசரி. பிழைத்த ஒன்று தன் குளூட்டாதயோனை இரட்டிப்பாக்கியிருந்தாலும் உங்கள் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மாறும், எந்தக் கருவியும் அதைப் பார்க்காது. ஆக, கடுமையான அளவில் எடுத்த மாதிரி சாவைப் பற்றித்தான் பேசும். பிழைப்பைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. "தாங்கும் கிருமியின் உத்தி" என்று தலைப்புப் போட்டுவிட்டு 4 லாக் குறைந்த மாதிரியின் தரவைக் காட்டும் கட்டுரையைப் படித்தால், இந்தக் கணக்கை நினைவில் வைத்துப் படியுங்கள்.

பிழைப்பு உங்கள் கேள்வி என்றால் பெரும்பாலான செல்கள் பிழைக்கும் மிதமான அளவை எடுங்கள், எண்ணிக்கை 0.3 லாக்குக்கு மேல், அதாவது பாதிக்கு மேல், குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாவு உங்கள் கேள்வி என்றால் கடுமையான அளவை எடுங்கள். நான் பரிந்துரைப்பது நான்கு குழுக்கள்: தொடாத செல், மிதமான அளவு, கடுமையான அளவு, அப்புறம் குளோரின் இல்லாமல் வெப்பத்தால் கொன்ற செல். இந்த நான்காவது குழுவைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எப்படிச் செத்தாலும் ஏடிபி விழும், சவ்வு கிழியும், உள்ளே இருந்தவை வெளியே வரும். வெப்பத்தால் செத்த செல்லிலும் அதே மாற்றம் தெரிந்தால் அதைக் குளோரினின் கைவரிசை என்று எழுத முடியாது.

எண்ணிக்கையையும் ஒரு வழியில் மட்டும் எடுக்காதீர்கள். டிரிப்டிக் சோயா அகரில் வளர்ந்து, உப்புச் சேர்த்த அதே அகரில் வளராத செல்கள் காயம்பட்டவை. எந்த அகரிலும் வளராமல், சைட்டோ 9 சாயத்தால் பச்சையாகத் தெரிந்து, புரோப்பிடியம் அயோடைடால் சிவக்காத செல்களுக்குச் சவ்வு சேதமாகவில்லை. அவை உயிரோடு உறங்குபவையாக இருக்கலாம். இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால்தான் மெட்டபோலைட் தரவு யாரைப் பற்றியது என்று சொல்ல முடியும்.

படி 4: செல்லை அந்த நொடியிலேயே நிறுத்துவது

ஏடிபி போன்ற மெட்டபோலைட்டுகள் சில நொடிகளுக்குள் புரண்டுவிடும். மாதிரியைச் சென்ட்ரிஃபியூஜில் வைத்துப் பத்து நிமிடம் சுற்றினால் நீங்கள் அளப்பது குளோரினின் விளைவாக இருக்காது. அடியில் காற்றில்லாமல் நெருக்கிக் கிடந்த பாக்டீரியாவின் நிலைதான் அதில் தெரியும். ஆகவே மெட்டபாலிசத்தை உடனே நிறுத்த வேண்டும். குவென்ச்சிங் என்பது இதுதான்.

பழைய வழி, மைனஸ் 40 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்த 60 சதவீத மெத்தனாலில் செல்களை ஊற்றுவது. ஈஸ்ட்டுக்கு உருவான முறை இது. பாக்டீரியாவில், முக்கியமாக ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் வகைகளில், குளிர்ந்த மெத்தனால் பட்டதும் சவ்வு வழியாக உள்ளிருப்பவை ஒழுகிவிடும். குளோரினால் ஏற்கெனவே அடிபட்ட சவ்வு கண்ட்ரோலைவிட அதிகமாக ஒழுகும். அப்புறம் தெரியும் வித்தியாசத்தில் எது குளோரினின் வேலை, எது மெத்தனாலின் வேலை என்று பிரிக்கவே முடியாது.

அதனால் வேக வடிகட்டலைத்தான் சொல்வேன். மெல்லிய சவ்வு வடிகட்டியை வெற்றிடப் பம்பில் பொருத்தி, மாதிரியை ஊற்றி, நீர் இறங்கியதும் வடிகட்டியை இடுக்கியால் எடுத்து, மைனஸ் 20 டிகிரியில் காத்திருக்கும் பிரித்தெடுப்புக் கரைசலில் தலைகீழாகப் போடுவது. இதைச் சில நொடிகளில் முடிக்கலாம். கைப்பழக்கம் வரும்வரை வெறும் கே-12 செல்லை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். ஒரே குடுவையிலிருந்து எடுத்த மாதிரிகளில் ஏடிபி அளவு ஏறக்குறைய ஒன்றாக வரும்வரை உண்மையான பரிசோதனையைத் தொடங்க வேண்டாம்.

வடிகட்டியின் கீழே இறங்கிய நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதையும் உறையவைத்து அளக்க வேண்டும். செல்லுக்குள் குளூட்டமேட் பாதியாகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். செல் அதைச் செலவழித்ததா, கிழிந்த சவ்வு வழியாக ஒழுகியதா? கீழே இறங்கிய நீரில் அதே அளவு ஏறியிருந்தால் ஒழுகியதுதான். கிருமி நீக்க ஆய்வில் இந்த ஒரு குழாய் இல்லாமல் எழுதும் மெட்டபாலிசப் பாதை விளக்கங்களை நான் நம்புவதில்லை.

படி 5: பிரித்தெடுத்தல், கருவி

அசிட்டோநைட்ரைல், மெத்தனால், தண்ணீர் ஆகியவற்றை 40:40:20 விகிதத்தில் கலந்து, கொஞ்சம் ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் நியூக்ளியோடைடுகள் நன்றாகத் தங்கும். கொழுப்பும் வேண்டும் என்றால் குளோரோஃபார்ம் சேர்ந்த முறைக்குப் போகலாம். ஒப்பிட்டு அளக்க உதவும், அளவு தெரிந்த உள்தரப் பொருட்களை, கார்பன்-13 ஏற்றிய அமினோ அமிலங்களை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம், இந்தக் கட்டத்திலேயே கலந்துவிடுங்கள். நோய்க்கிருமியோடு வேலை செய்பவர்கள், கரைசல் உண்மையிலேயே எல்லாச் செல்லையும் கொன்றுவிட்டதா என்று வளர்த்துப் பார்த்து உறுதிசெய்த பிறகே சாற்றைக் கருவி அறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

குளோரின் ஆய்வுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. குளோரின் முதலில் பாய்வது சிஸ்டீன், மெத்தியோனின் ஆகியவற்றிலுள்ள கந்தகத்தின் மேல். குளூட்டாதயோன் ஆக்சிஜனேற்றம் அடையும், மெத்தியோனின் சல்பாக்சைடாக மாறும். ஆனால் இதே மாற்றங்கள் சாறெடுக்கும்போது காற்று பட்டும் நடக்கும். குளூட்டாதயோனின் இரு வடிவங்களை நம்பகமாக அளக்க, தனியாக ஒரு தொகுப்பு மாதிரியை எடுத்து, அமிலம் சேர்க்காத கரைசலில் என்-எத்தில்மாலிமைடு கலந்து, அதன் கந்தகப் பகுதியான தயோலைப் பூட்டிவிட வேண்டும். பொது மாதிரியிலிருந்தே இந்த விகிதத்தைக் கணக்கிட்டால் எண் வரும், ஆனால் அது செல்லுக்குள் இருந்த விகிதமாக இருக்காது.

கருவி விஷயத்தில், கையெட்டும் தூரத்தில் எது இருக்கிறதோ அதில் தொடங்கலாம். ஒவ்வொன்றும் எதைத் தவறவிடும் என்று தெரிந்தால் போதும். ஜிசி-எம்எஸ் மலிவானது, நூலகங்களும் பழுத்தவை. சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம் நன்றாக வரும். மூலக்கூறுகள் எளிதில் ஆவியாவதற்காக, காய்ந்த சாற்றில் பிரிடினில் கரைத்த மெத்தாக்ஸியமீன் ஊற்றி 30 டிகிரியில் 90 நிமிடம், பிறகு எம்எஸ்டிஎஃப்ஏ ஊற்றி 37 டிகிரியில் 30 நிமிடம் என்பது பரவலான வழக்கம். ஈரம் துளி இருந்தாலும் இந்த வேதிவினை கெடும், ஆகவே முழுக்கக் காயவையுங்கள். ஏடிபியும் குளூட்டாதயோனும் இதில் கிடைக்காது. நீரில் நன்றாகக் கரையும் மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கும் ஹிலிக் நெடுவரிசையோடு இணைந்த எல்சி-எம்எஸ்ஸில் அவை கிடைக்கும், நம் ஈ.கோலைக் கேள்விக்கு ஏற்றது அதுதான். பஃபரில் மிஞ்சிய உப்பு சமிக்ஞையை அமுக்கிவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள். என்.எம்.ஆர் மிக நம்பகமான அளவைத் தரும், மாதிரியையும் அழிக்காது. ஆனால் உணர்திறன் குறைவு, ஆயிரம் கோடி அளவில் செல் கேட்கும்.

படி 6: ஓட்டும் வரிசை

மாதிரிகளைக் குலுக்கி வரிசைப்படுத்துங்கள். காலையில் கண்ட்ரோல் எல்லாம், மாலையில் குளோரின் எல்லாம் என்று ஓட்டினால் கருவியின் நாள்நகர்வு குளோரினின் விளைவைப் போலவே தெரியும். எல்லா மாதிரியிலும் துளித்துளி எடுத்துக் கலந்த தரக்கட்டுப்பாட்டு மாதிரியை ஐந்து முதல் பத்து ஊசிக்கு ஒருமுறை போடுங்கள். அதில் 30 சதவீதத்துக்கு மேல் ஆடும் சிகரங்களைத் தூக்கி எறிந்துவிடலாம். ரெப்ளிகேட் என்பது வேறு வேறு நாளில் வேறு வேறு காலனியிலிருந்து வளர்த்தது, குழுவுக்குக் குறைந்தது ஆறு வேண்டும். ஒரே குடுவையை ஆறு குழாயில் பிரித்தால் அது ஒன்றுதான்.

படி 7: தரவைப் படிப்பது

சிகரங்களைப் பிரித்தெடுக்க எக்ஸ்சிஎம்எஸ், எம்எஸ்-டயல் போன்ற இலவச மென்பொருட்கள் இருக்கின்றன. புள்ளியியலுக்கு மெட்டபோஅனலிஸ்ட் தளத்தில் தொடங்கலாம்.

எதனால் வகுத்துச் சமன்செய்வது என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. சாதாரண ஆய்வில் உயிருள்ள செல் எண்ணிக்கையால் வகுப்பார்கள். இங்கே அப்படிச் செய்தால் 3 லாக் செத்த மாதிரியில் எல்லாமே ஆயிரம் மடங்கு "ஏறியதாக" வரும். புரதத்தால் வகுக்கலாம் என்றால் அதுவும் ஒழுகியிருக்கலாம். நுண்ணோக்கியிலோ ஃப்ளோ சைட்டோமீட்டரிலோ எண்ணிய மொத்தச் செல்களால், செத்ததும் சேர்த்து, வகுப்பதே நேர்மையானது. அது முடியாவிட்டால் குளோரின் ஊற்றுவதற்கு முன் எடுத்த ஒளியடர்த்தியால் வகுக்கலாம். எதைச் செய்தாலும் அதைக் கட்டுரையில் தெளிவாக எழுத வேண்டும்.

முதலில் மாதிரிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் பிசிஏ படம் போட்டு, தரக்கட்டுப்பாட்டு மாதிரிகள் ஒரே இடத்தில் நெருங்கி நிற்கின்றனவா என்று பாருங்கள். சிதறினால் அங்கேயே நிறுத்திக் கருவியைப் பாருங்கள். குழுப் பெயர்களை முன்கூட்டியே கொடுத்துப் போடும் பிஎல்எஸ்-டிஏ படம் அழகாகக் குழுக்களைப் பிரித்துக் காட்டும். மாதிரி பன்னிரண்டு, சிகரம் இரண்டாயிரம் என்றால் தற்செயலான எண்களைக் கொடுத்தாலும் அது பிரித்துக் காட்டும். குழுப் பெயர்களைக் குலுக்கிப்போட்டுச் சோதிக்கும் பெர்முட்டேஷன் சோதனை இல்லாமல் அந்தப் படத்தைப் போட வேண்டாம். ஆயிரக்கணக்கான சிகரங்களைத் தனித்தனியே ஒப்பிடும்போது தற்செயலாக வரும் பொய் முடிவுகளைக் கட்டுப்படுத்தும் பெஞ்சமினி-ஹாக்பெர்க் திருத்தமும் கட்டாயம்.

ஒரு சிகரத்துக்குப் பெயர் வைக்கும்போதும் நிதானம் வேண்டும். 2007இல் வந்த மெட்டபோலோமிக்ஸ் தர முன்முயற்சியின்படி, தூய பொருளை அதே கருவியில் ஓட்டி இரண்டு பண்புகள் ஒத்துப்போனால்தான் முதல் நிலை அடையாளம். தரவுத்தளத்தில் எடை மட்டும் பொருந்தினால் அது ஊகம்தான். முடிவுரை சாய்ந்து நிற்கும் ஐந்தாறு மெட்டபோலைட்டுகளுக்காவது தூய பொருளை வாங்கி ஓட்டிவிடுங்கள்.

படி 8: கண்டதைச் சோதித்துப் பார்ப்பது

ஏடிபி விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். செல் சாகிறது என்று உடனே எழுதத் தோன்றும். ஆனால் 2014இல் வெளியான ஆய்வு, ஹைப்போகுளோரஸ் அமிலம் பட்ட ஈ.கோலை ஏடிபியைப் பாலிபாஸ்பேட் என்ற நீண்ட சங்கிலியாக மாற்றி, குலைந்துபோகும் புரதங்களைக் காக்க அதைப் பயன்படுத்துகிறது என்று காட்டியது. எனவே ஏடிபி குறைவது தற்காப்பாகவும் இருக்கலாம். சாதாரண எல்சி-எம்எஸ்ஸில் பாலிபாஸ்பேட் தெரியாது, தனியாக அளக்க வேண்டும். மிதமான அளவில், ஒரு மணி நேரத்தில் ஏடிபி திரும்ப ஏறுகிறதா என்று பார்த்தால் இரண்டையும் பிரிக்கலாம். நேர வரிசையில் மாதிரி எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மெட்டபோலோமிக்ஸ் தருவது ஒரு யூகம். அதை மெய்ப்பிக்க வேறு சோதனை வேண்டும். கே-12ஐத் தேர்ந்தெடுத்ததன் பலன் இங்கே கிடைக்கும். 2006இல் ஜப்பானில் உருவான கெய்யோ தொகுப்பில் கிட்டத்தட்ட நாலாயிரம் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிய ஈ.கோலை வகைகள் இருக்கின்றன. குளூட்டாதயோன் முக்கியம் என்று உங்கள் தரவு சொன்னால், அதைத் தயாரிக்கும் ஜிஎஸ்எச்ஏ மரபணு இல்லாத வகையை வரவழைத்து அதே குளோரினில் போடுங்கள். அது எளிதில் சாக வேண்டும். குளூட்டாதயோன் இல்லாத ஈ.கோலை குளோரின் சேர்மங்களுக்கு எளிதில் பலியாகிறது என்று 1996லேயே காட்டியிருக்கிறார்கள். உங்கள் கையில் அது திரும்ப வந்தால் உங்கள் முறை சரியாக இயங்குகிறது என்று பொருள். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல முதல் இலக்கு எனக்குத் தெரியவில்லை.

படி 9: குடுவையிலிருந்து இலைக்கு

இலையில் கிராமுக்கு ஒரு லட்சம் செல் ஒட்டவைத்தால், 25 கிராம் இலையில் 25 லட்சம் செல்தான். கருவிக்குத் தேவை குறைந்தது பத்துக் கோடி. அதோடு இலையின் சொந்தச் சர்க்கரையும் அமினோ அமிலமும் பாக்டீரியாவினுடையதை முழுக்க மூடிவிடும். ஆகவே கே-12ஐ நேராக இலையில் தடவி அரைத்து ஓட்டினால் கிடைப்பது லெட்டூஸின் மெட்டபோலோம்தான்.

இடைப்பட்ட வழி ஒன்று இருக்கிறது. இலையை அரைத்து வடிகட்டிய சாற்றைக் கழுவு நீரில் கலந்து, அதில் நிறையச் செல் போட்டுச் செய்யலாம். ஆலைக் கழுவுத் தொட்டியில் வெட்டிய இலையின் சாறு கலந்து குளோரினைக் குடிப்பது போலவே இங்கும் நடக்கும். பாக்டீரியாவை அடையாளம் காண, முழுக்கக் கார்பன்-13 ஏற்றிய குளூக்கோஸை மட்டும் உணவாகச் சேர்த்த எம்9 என்ற எளிய உப்பு ஊடகத்தில் அதை வளர்த்துவிடுங்கள். ஐந்து கார்பன் உள்ள குளூட்டமேட் அப்போது 5.017 டால்டன் எடை கூடித் தெரியும், இலையின் குளூட்டமேட் பழைய எடையிலேயே நிற்கும். செல் இலைச் சர்க்கரையைத் தின்னத் தொடங்கியதும் இந்த அடையாளம் மங்கிவிடும். அதனால் சில நிமிடங்களில் முடியும் கழுவலுக்கு இது பொருந்தும், நாள்கணக்கில் குளிர்பெட்டியில் வைக்கும் ஆய்வுக்குப் பொருந்தாது.

குளோரின் அல்லாமல் வேறு முறையை எடுப்பவர்கள், அந்த முறை மாதிரியில் எதை விட்டுச்செல்கிறது என்று முதலில் பாருங்கள். பெர்அசிட்டிக் அமிலத்தில் அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கூடவே இருக்கும். ஈ.கோலையும் அசிட்டேட்டை வெளியேற்றும் என்பதால், என்.எம்.ஆரில் 1.9 பிபிஎம் (இங்கே இது சிகரம் வரும் இடம், செறிவு அல்ல) அருகே வரும் அந்தச் சிகரம் யாருடையது என்று சொல்ல முடியாது. தயோசல்பேட்டோடு கேட்டலேஸும் தேவைப்படும், அந்த நொதி தயாரிப்பில் உள்ள சிறு மூலக்கூறுகளுக்கும் வெற்று மாதிரி வேண்டும். மின்னாற்பகுத்த நீரில் உப்பு மிச்சமிருக்கும். 254 நானோமீட்டர் புற ஊதா எதையும் விட்டுச்செல்லாது, ஆனால் கலங்கலான சாற்றில் அடிவரை போகாது. 400 முதல் 600 மெகாபாஸ்கல் உயரழுத்த முறையில் பாத்திரத்தைத் திறக்கும்வரை செல்லைத் தொடவே முடியாது. அழுத்தம் இறங்கிய பிறகான நிலையைத்தான் அளக்க முடியும் என்று ஏற்றுக்கொண்டே கேள்வியை எழுத வேண்டும்.

கடைசியாக, மூலத் தரவை மெட்டபோ-லைட்ஸ் அல்லது மெட்டபோலோமிக்ஸ் வொர்க்பெஞ்ச் களஞ்சியத்தில் ஏற்றிவிடுங்கள். ஏற்றும்போது வெற்று மாதிரிகள், தரக்கட்டுப்பாட்டு மாதிரிகள், ஓட்டிய வரிசை, வடிகட்டிக்குக் கீழே இறங்கிய நீரின் கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் எதிரே செல் அடர்த்தி, பிஎச், தொடக்கக் குளோரின், இறுதிக் குளோரின், தட்டு எண்ணிக்கை, சாய எண்ணிக்கை என்ற ஆறு பத்திகளும் நிரம்பியிருக்க வேண்டும். அவை இருந்தால்தான் இன்னொரு ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவர் தன் முடிவை உங்கள் முடிவோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.